கப்டன் முட்டையிட்ட மாரி

ஐப்பசியின் முதல் மழை தகரத்தில் இறங்கிய அன்று
கப்டன் என் பெருவிரலைக் கடித்தாள்.
அப்போது அவள் இன்னும் அவன்.

மூன்று வருடமாய் ஆண் என்றே வளர்த்தோம்.
விற்றவர் சொன்னது அது.
கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, நிமிர்ந்த கொண்டை,
துறைமுகத்து வெள்ளை உடுப்புக்காரரைப் போல ஒரு நடை.
பெயர் வைத்தது நேசன்.

கடித்த கையோடு அலுமாரிக்குப் போனாள்.
மூடாத லாச்சிக்குள்
காணி உறுதியின் பிரதியும் தண்ணீர்ப் பில்லும்.
பில்லை நார்நாராய்க் கிழித்தாள்,
உறுதியில் ஓரத்தை மட்டும் ருசி பார்த்தாள்.
கை நீட்டினால் பாம்பு மாதிரிச் சீறல்.
விடிய நாலரைக்கு ஒரு கூச்சல்.
மனையாவெளி ஒழுங்கையே எழும்பியது.
முன்வீட்டு மரியநாயகம் அண்ணர் வந்து
ஐஸ் லொறியைப் பின்னுக்கு எடுக்கிறீங்களோ என்று கேட்டார்.

அந்த வாரம் வீட்டில் கதவுகள் அடிபட்டதும் அதிகம்.
ஆரணிக்குப் பதினாலு.
கூண்டுக் கதவோ அறைக் கதவோ
சத்தத்தை வைத்தே சொல்லப் பழகிக்கொண்டேன்.

மிருக வைத்தியர் கிண்ணியாப் பிள்ளை, ரிஸ்மினா.
திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.
"வாலடியில் மஞ்சள் வரி கிடக்கு. இது பொம்பிளைக் கப்டன்.
வருத்தம் ஒண்டுமில்லை, பருவம்.
லாச்சியைப் பூட்டுங்கோ, கண்ணாடியைக் கழற்றுங்கோ.
அவிச்ச சோளம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.
ஆறு மணிக்கு இருட்டாக்குங்கோ, விடியும் வரைக்கும்.
தலையைத் தடவலாம். முதுகைத் தொடாதேங்கோ,
முதுகில் கை போனால்
சோடி வந்திட்டுது என்று நினைக்கும்."

திரும்பி வரும் ஓட்டோவில் ஆரணி வாய் திறக்கவில்லை.
மட்டிக்களி தாண்டித்தான் கேட்டாள்:
"நான்தானே அம்மா ஒவ்வொரு நாளும் முதுகைத் தடவினது.
நான் அவளுக்குப் பொய் சொல்லியிருக்கிறன், என்ன?"
மழைத்திரையை இழுத்துக் கட்டினேன்.
அன்பென்று கொடுப்பது
போய்ச் சேரும் இடத்தில் வேறு பெயரில் பதிவாகும் என்று
ஓட்டோவில் வைத்துச் சொல்லலாமா?

லாச்சியைப் பூட்டப் பிந்திவிட்டோம்.
கூண்டு மூலையில் மூன்று முட்டை, ஒருநாள் விட்டு ஒருநாள்.
எடுத்தால் இன்னும் இடுவாளாம், உடம்பு கரையுமாம்.
அலுக்கும்வரை இருக்கட்டும் என்றார் ரிஸ்மினா.

பொரிக்காத முட்டையை வைத்து
இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி ஏதும் நினைக்க வேண்டாம்.
எனக்கு இரண்டு பிள்ளைகள்.
மூத்தவன் துவாரகன் கொழும்பில், அழைத்தால் எடுப்பதில்லை.
இது வெறும் முட்டை.

டச்பேயில் கடல் எழும்பிய மாதம்.
வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன, மீன் ஆனை விலை,
நேசனுக்கு ஐஸ் ஓட்டம் இல்லை.
காலையில் போய்
ஒதுங்கிய கணவாய் ஓடுகளைப் பொறுக்கி வந்தார்.
நாலு நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு உப்பெடுத்து
கூண்டுக் கம்பியில் கட்டினார்.
முட்டைக்குப் போன சுண்ணாம்பு உடம்புக்குத் திரும்ப வேணுமாம்.
என் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும்
ஒரு துண்டு பால்சுறா கொண்டுவராத மனுசன்.

ஆறு மணிக்கு விளக்கணைப்போம்.
இருப்பது ஒரேயொரு ஹோல்,
கப்டனுக்கு இரவென்றால் எங்களுக்கும் இரவு.
நாடகத்தில் யார் செத்தார், யார் கட்டினார், தெரியாது.
குசினியில் நெருங்கியிருந்து
புட்டைச் சத்தமில்லாமல் தின்றோம்.
வெளியே மான்கள் குப்பை வாளியை உருட்டும்.

ஒருநாள் ஆரணி
இருட்டில் என் தோளில் தலை வைத்தாள்.
கை தானாய் அவள் முதுகுக்குப் போனது.
பாதியில் நிறுத்தினேன்.
"நான் பறவையில்லை, அம்மா," என்றாள்.

பத்தொன்பதாம் நாள் கப்டன் எழும்பினாள்.
முட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.
ஓட்டில் அலகு தீட்டிவிட்டு
நேசனின் காதைக் கடித்தாள், மெதுவாய், பழைய கடி.

தண்ணீர்ச் சபைக்குப் போய்
பில்லுக்கு என்ன நடந்தது என்று சொல்ல
எனக்கு இன்னும் ஒரு காரணம் அமையவில்லை.